மூன்றாவது வரி

"மாஸ்டர்... உங்களுக்குக் கண்ணு எங்க இருக்கு?"

தலையிலிருந்து கால்வரை சொட்டச் சொட்ட நனைந்து நின்றாள் அராபா.

துறைமுக ஊரான தக்கோராடியின் மார்க்கெட் சர்க்கிளில் ஜூன் மாத மழைக்கு எல்லாக் கடைக்காரர்களும் செய்வதுதான். தலைக்கு மேல் தார்ப்பாயில் தண்ணீர் தேங்கித் தொப்பை போட்டதும், கீழிருந்து கழியால் ஒரு முட்டு முட்டித் தெருப்பக்கம் தள்ளிவிடுவார்கள். தள்ளுவதற்கு முன் "தண்ணி!" என்று ஒரு குரல் கொடுப்பார்கள். அன்றைக்கு இந்தக் கடைக்காரன் குரல் கொடுக்கவில்லை. ஒதுங்க ஓடிவந்த பெண்ணின் கண்களைப் பார்த்ததும் குரல் வரவில்லை என்று பிற்பாடு சொன்னான். நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு. அராபா இன்றுவரை நம்பவில்லை என்றுதான் சொல்லிக்கொள்கிறாள்.

"மேடம்... மன்னிச்சுக்கங்க... நான் பாக்கவே இல்ல..."

"நனைஞ்சதைப் பத்தி எனக்குக் கவலை இல்ல. இது நனைஞ்சுடுச்சே!"

மார்போடு அணைத்திருந்த பையைத் திறந்து காட்டினாள். உள்ளே ஒரு லேப்டாப். யார் வீட்டிலோ உழைத்துக் களைத்து, கப்பலேறி, துறைமுகம் தாண்டி வந்த பழைய சரக்கு. ஆனால் அவளுக்குப் புதுசு. வாங்கி முழுசாக அரைமணி நேரம்கூட ஆகவில்லை.

அவன் முகம் மாறிவிட்டது. அசடு வழிந்துகொண்டிருந்த ஆள் சட்டென்று வைத்தியன் ஆகிவிட்டான். பையை வாங்கினான், லேப்டாப்பைக் கவிழ்த்தான், பேட்டரியைக் கழற்றினான், ஸ்க்ரூ டிரைவரை எடுத்தான். எல்லாம் கண்மூடித் திறப்பதற்குள் நடந்தது. அப்போதுதான் அராபா நிமிர்ந்து பார்த்தாள். கடைக்குள் வயிறு திறந்து கிடந்தவை எல்லாம் கம்ப்யூட்டர்கள். மழையில் ஓடிவந்து சரியான கடையில்தான் நனைந்திருக்கிறோம் என்று தோன்றியது. சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள்.

"பொழைக்குமா?"

"பொழைக்கும். மூணு நாள் இங்க இருக்கட்டும். பைசா வேண்டாம், தப்பு என்னோடது. பேரு சொல்லுங்க, எழுதி ஒட்டணும்."

"அராபா அமிஸா."

அந்தக் கரையில் பிறந்த கிழமையை வைத்துத்தான் பெயர். அவன் பேனா நின்றது. "அராபாவா? அப்போ செவ்வாய்க்கிழமை பொறந்தவங்க."

"ஏன், இந்தக் கரையில செவ்வாய்க்கிழமை பொண்ணு பொறக்கக் கூடாதா?"

"நானும் செவ்வாய்தான். எபோ. இன்னிக்கும் செவ்வாய்." கண்ணைச் சிமிட்டாமல் சொன்னான். இமை முடிகளில் மழைத்துளி நின்றது. இவ்வளவு நீள இமை ஆம்பளைக்கு எதற்கு என்று அராபாவுக்குக் கோபமாக வந்தது.

"பெட்டி காலியா இருக்கு மேடம். உள்ள எந்த சிஸ்டமும் இல்ல. எதைப் போடட்டும்?"

"எல்லார் வீட்டுலயும் இருக்கறதுதான். விண்டோஸ்."

"எதுக்கு உபயோகம்?"

"வீட்டுக்குத்தான். பாபாவுக்கு, எங்க அப்பாவுக்கு, படகு இருக்கு. கடல்ல காத்து எப்படி அடிக்கும்னு படம் பாக்கணும்பாரு. நான் பக்கத்து ஊர் செகண்டியில சின்னக் கிளாஸ் டீச்சர். பிள்ளைங்களுக்குப் படப் புத்தகம் செய்யணும். போதுமா விசாரணை?"

"போதும்... வெள்ளிக்கிழமை வாங்க."

மழை விட்டிருந்தது. அது விட்டதை இருவருமே கவனிக்கவில்லை.

*

வெள்ளிக்கிழமை பள்ளி விட்டதும் அராபா நேராக வந்தாள். நேராக என்றால்... வீட்டுக்குப் போய் நீலக் கவுன் மாற்றிக்கொண்டு நேராக.

லேப்டாப் உலர்ந்து, துடைத்து, பளபளவென்று இருந்தது. எபோ பரீட்சையில் முதல் மார்க் வாங்கியவன் முகத்தோடு அதைத் திறந்து காட்டினான். "பாருங்க, எவ்வளவு சுறுசுறுப்பா எழுந்திரிக்குது! லினக்ஸ் போட்டிருக்கேன். இலவசம். பத்து வருஷப் பெட்டிக்கு இதுதான் தாங்கும். உங்களைக் கேக்காம நெட் பாக்கேஜை விழுங்காது..."

"நான் என்ன கேட்டேன் மாஸ்டர்?"

"விண்டோஸ். ஆனா..."

"என்ன ஆனா?"

"உங்க நல்லதுக்குத்தான் மேடம்."

அந்த ஒரு சொல். அத்தை எஃபுவா சொல்வாள், தலைமை ஆசிரியை சொல்வாள், சர்ச்சில் பக்கத்து பெஞ்சுக்காரி சொல்வாள். இப்போது மூன்று நாள் பழக்கத்தில் இவனும் சொல்கிறான்! அராபாவின் மூக்கு நுனி சூடாயிற்று.

"பிள்ளைங்க புத்தகத்துக்கு ஸ்கூல்ல ஒரு டிஸ்க் குடுத்திருக்காங்க. அது விண்டோஸ்ல மட்டும்தான் ஓடும். என்னைக் கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். கேட்டீங்களா?"

எபோ லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டான். கேட்கவில்லைதான். கேட்கத் தோன்றவே இல்லை. தனக்குத் தெரிந்த நல்லதை அவளுக்கு ஊட்டிவிட வேண்டும் என்ற ஆசை மட்டும்தான் இருந்தது.

"ரெண்டையும் போட்டுடறேன்," என்றான் மெதுவாக. "ஒரே பெட்டியில ரெண்டும் இருக்கலாம். இங்கயே உக்காருங்க, ரெண்டு மணி நேரம்."

ஸ்டூலில் உட்கார்ந்தாள். முதல் அரைமணி நேரம் தெருவையே முறைத்துக்கொண்டிருந்தாள். அவன் எழுந்து போய்ச் சுட்ட வாழைக்காயும் வேர்க்கடலையும் காகிதத்தில் கட்டி வாங்கிவந்து, ஒன்றும் பேசாமல் இருவருக்கும் நடுவில் வைத்தான். இரண்டாவது அரைமணி நேரத்தில் கடலை பாதியானது. மூன்றாவதில்... என்ன சொல்ல, கடலையை மெல்லும் வாய் சும்மா இருக்குமா?

அவன் தன் கதை சொன்னான். விண்டோஸ் வாங்கிப் போட வழியில்லாத காலத்தில், யாரோ இலவசமாகக் கொடுத்த லினக்ஸ் டிஸ்க்கில் தொழில் பழகியதைச் சொன்னான். அவளும் சொன்னாள். யாரிடமும் சொல்லாததைச் சொன்னாள்.

"தெமாவில ஒருத்தர். துறைமுகத்துல வேலை. அத்தைதான் எனக்கு மாப்பிள்ளையாப் பாத்திருக்காங்க. நல்ல மனுஷன்தான். மாசக் கடைசியில அவங்க பெரியவங்க பொண்ணு கேட்டு, வழக்கப்படி பாட்டிலும் கையுமா வந்து எங்க வீட்டுக் கதவைத் தட்டப்போறாங்க. வேணும்னா வேணும்னு சொல்லு, வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லுங்கறாரு பாபா. நான் சும்மா இருந்தா சம்மதம்னு அர்த்தமாயிடும். எனக்கு... வாயே வர மாட்டேங்குது."

எபோவின் கை விசைப்பலகை மேல் அப்படியே நின்றது. அந்த நேரத்தில் ஓர் ஆம்பளை சொல்லக்கூடிய ஆயிரம் வார்த்தைகளில் மகா மட்டமான ஒன்றை எடுத்துச் சிரித்துக்கொண்டே சொன்னான்.

"அப்படிப் பாத்தா இந்தப் பெட்டியும் நீங்களும் ஒண்ணு மேடம். ஆரம்பிக்கும்போது இது ரெண்டு வரி காட்டும். பத்து நொடி எண்ணும். நீங்க எதையும் தொடலைன்னா தானா லினக்ஸுக்குப் போயிடும். சில பேருக்கு மத்தவங்க தேர்ந்தெடுத்துக் குடுத்தாத்தான் காரியம் நடக்கும்."

அராபா எழுந்தாள். கண்கள் நிரம்பிவிட்டன. அது அவன் பார்வைக்குப் படக்கூடாது என்று மூடியைப் படாரென்று சாத்தினாள்.

"அதுலயும் உங்களோடதுதான் முதல்ல, இல்ல? சந்தோஷம் மாஸ்டர். ரொம்பச் சந்தோஷம்."

மழை மறுபடி பிடித்துக்கொண்டிருந்தது. "செகண்டி, செகண்டி!" என்று கூவிய வேனுக்குள் ஏறிக்கொண்டாள். எபோ தார்ப்பாயின் ஓரத்தில் நின்றான். ஒரு வார்த்தை கூப்பிட்டிருந்தால் இறங்கியிருப்பாள். தப்பு செய்தவனுக்கு ரோஷம் எதற்கு? ஆனாலும் அது வந்து அவனைக் கூப்பிட விடவில்லை. வேன் போய்விட்டது.

*

செவ்வாய்க்கிழமை கடலுக்கு ஓய்வு. எந்தப் படகும் இறங்காது. அன்றைக்குத்தான் எக்யா அமிஸா வீட்டில் இருப்பார். கரையில் எல்லோரும் அவரை எக்யா, அப்பா, என்றுதான் கூப்பிடுவார்கள். மகளுக்கு மட்டும் அவர் பாபா.

புதன் விடியலில் படகு இறங்க வேண்டும். அதற்குமுன் காற்றின் படம் பார்க்க வேண்டும். குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, லேப்டாப் முன்னால் உட்கார்ந்தார்.

அவருக்கு எதையும் முறைப்படி செய்ய வேண்டும். வீட்டுக்கு வந்தவருக்கு முதலில் நாற்காலி. பிறகு தண்ணீர். பிறகு நலம் விசாரிப்பு. அதெல்லாம் முடிந்த பின்புதான் "வந்த சேதி என்ன?" இந்தப் பெட்டியும் வீட்டுக்கு வந்த விருந்துதானே? பொத்தானை அழுத்திவிட்டு, தானும் ஒரு மடக்கு தண்ணீர் குடித்து, மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, "சரி, இப்ப சொல்லு" என்று குனிந்தார்.

பத்து நொடி எப்போதோ முடிந்திருந்தது.

மூன்று தரம் அணைத்து மூன்று தரம் போட்டுப் பார்த்தார். மூன்று தரமும் அதே கதை.

"அராபா! இது என்ன மரியாதை கெட்ட பெட்டி? ரெண்டு வரியைக் காட்டி எது வேணும்னு கேக்குது. பதில் சொல்றதுக்குள்ள அதுவே முடிவு பண்ணிக்கிட்டு ஓடுது. அப்புறம் எதுக்குக் கேக்கணும்?"

"காத்துப் படம் அதுலயே வருமே பாபா. நல்லாவே வரும்."

"வருது. வேகமாவும் வருது. அது கெட்டதுன்னு நான் சொன்னேனா? என்னைப் பேச விடலைன்னுதான் சொல்றேன்!"

அராபா அடுப்பங்கரைக் கதவில் சாய்ந்து நின்றாள். பாபாவின் கோபத்துக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். அழுகை வந்தது. நாலு நாளாக ஒவ்வொரு முறை பெட்டியைப் போடும்போதும் அந்த எண்கள் இறங்குவதைப் பார்க்கிறாள். பத்து... ஒன்பது... எட்டு... அம்பு விசையை அழுத்தி விண்டோஸை எடுக்கிறாள். புத்தகத்தில் மீன் வரைகிறாள், குடை வரைகிறாள். குடைக்குக் கீழே ஏனோ நீள இமை வைத்த ஒரு முகம் வந்துவிடுகிறது. அழிக்கிறாள். மறுபடி வருகிறது. மாசக் கடைசிக்கு இன்னும் பன்னிரண்டு நாள்.

"இதைப் போட்டவன் யாரு? கூப்பிடு."

"நான் கூப்பிட மாட்டேன்."

பாபா மகளின் முகத்தை ஒரு கணம் உற்றுப் பார்த்தார். முப்பது வருஷம் கடலைப் பார்த்த கண்கள். பிறகு லேப்டாப்பைத் திருப்பி, முதுகில் ஒட்டியிருந்த காகிதத்தில் கடைக்காரன் பேரையும் நம்பரையும் படித்து, தன் போனில் தானே அழுத்தினார்.

"எபோ மாஸ்டரா? செகண்டியிலிருந்து அமிஸா பேசறேன். உன் பெட்டிக்குப் பழக்கவழக்கம் தெரியலை. அடுத்த செவ்வாய் வந்து கத்துக்குடு."

*

அடுத்த செவ்வாய் மூன்று மணிக்கு எபோ வந்தான். இஸ்திரி போட்ட சட்டை. கையில் கருவிப் பெட்டி. கதவருகே நின்ற அராபாவைப் பார்த்தான், உடனே தரையைப் பார்த்தான். அவளும் தரையைத்தான் பார்த்தாள். தரையில் அப்படி என்ன இருந்ததோ.

நாற்காலி வந்தது. தண்ணீர் வந்தது, அராபாதான் கொண்டுவந்தாள். டம்ளரை இருவருமே ஒரு கணம் கூடுதலாகப் பிடித்திருந்தார்கள். நலம் விசாரித்து முடிந்தது. எக்யா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"இங்க எல்லாரும் சுகம். நீ வந்த சேதி என்ன?"

"எக்யா... கேக்காம முடிவு பண்றது மரியாதை இல்லன்னு எனக்குத் தெரியாமப் போச்சு. பெட்டிக்கும் அதையே பழக்கிட்டேன். அதைத் திருத்தத்தான் வந்தேன்."

பெரியவரைப் பார்த்துத்தான் சொன்னான். ஆனால் கதவருகே நின்றவளுக்குக் கன்னம் குப்பென்று சூடானது.

"திருத்து," என்றார் எக்யா. அப்புறம் என்ன நினைத்தாரோ, வலை பின்னும் ஊசியை எடுத்துக்கொண்டு முற்றத்துக்குப் போய்விட்டார். முற்றம் பக்கத்தில்தான். ஜன்னலும் திறந்துதான் இருந்தது.

எபோ வேலையை ஆரம்பித்தான். விசைகள் தட்டும் ஓசை, வெளியே தூறல். அராபா கையைக் கட்டிக்கொண்டு சுவரில் சாய்ந்தாள். நானாகப் பேசமாட்டேன் என்று இருந்தாள். அவனாகப் பேச வேண்டும், பேசினால்தான்...

"அன்னிக்கு நான் சொன்னது ரொம்பத் தப்பு."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"தெமாக்காரர்னு சொன்னீங்களா... இங்க வலிச்சுது. வலிச்சதைக் காட்டத் தெரியாம உங்களைக் குத்திட்டேன். வேன் போன பக்கத்தைப் பாத்துட்டே எவ்வளவு நேரம் நின்னேன்னு எதிர்க்கடை அக்காவைக் கேளுங்க. தார்ப்பாய்த் தண்ணி மொத்தமும் என் தலையிலதான்."

"நல்லா வேணும்," என்றாள் அராபா. குரல் ஏனோ கோபமாக வரவில்லை.

"வாங்க, பாருங்க."

பக்கத்தில் வந்து குனிந்தாள். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து. முதல் வரி, விண்டோஸ். இரண்டாவது வரி, லினக்ஸ். எப்போதும் ஓரத்தில் இறங்கும் எண்களைத் தேடினாள். எண்களே இல்லை.

"எண்ணலையே?"

"எண்ணாது. எடுத்துட்டேன். நீங்களா ஒண்ணைத் தொடற வரைக்கும் இப்படியே நிக்கும். விண்டோஸை மேல வச்சிருக்கேன். வீடு உங்களுது."

அப்போதுதான் கீழே இன்னும் ஒரு வரி இருப்பதைப் பார்த்தாள். மூன்றாவது வரி. சின்னதாக, கூச்சத்தோடு.

'எபோ.'

அராபா இன்னும் குனிந்து அந்தப் பெயரை எழுத்துக் கூட்டிப் படித்தாள்.

"இது... இதைத் தொட்டா என்ன ஆகும்?"

"பெட்டிக்கு ஒண்ணும் ஆகாது. திரும்ப இதே பக்கம்தான் வரும். எனக்குத்தான்..." அவன் திரையை விட்டு அவள் பக்கம் திரும்பினான். "எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு அராபா. அந்த முதல் மழையிலிருந்தே பிடிச்சிருக்கு. உங்களுக்குப் பிடிக்கணும்னு கட்டாயம் இல்ல. தெமாவுக்கே சரின்னு சொன்னாலும் சொல்லுங்க. ஆனா சும்மா இருந்து சம்மதமாயிட வேண்டாம். நீங்களா சொல்லணும். அதுதான் என் ஆசை."

முதல் தடவையாக மேடம் இல்லாமல் அராபா என்றிருக்கிறான். அவன் வாயில் அது எவ்வளவு அழகான பெயராக இருக்கிறது!

"எவ்வளவு நேரம் காத்திருக்கும்?"

"கரண்ட் இருக்கற வரைக்கும்."

"இந்த ஊர்ல கரண்டை நம்ப முடியுமா? போயிட்டா?"

"பேட்டரி இருக்கு."

"பத்து வருஷ பேட்டரி. அதுவும் தீர்ந்துட்டா?"

"நான் இருக்கேன்."

வெளியே தூறல் வலுத்தது. அராபா விரலை நீட்டினாள். அம்பு விசையை ஒரு தரம் அழுத்தினாள். வெளிச்சம் விண்டோஸிலிருந்து லினக்ஸுக்கு இறங்கியது. விரல் நின்றது. எபோ கண்ணை மூடிக்கொண்டான். அந்த நீள இமைகள் நடுங்குவதை ஆசை தீரப் பார்த்தாள் அவள். இன்னொரு தரம் அழுத்தினாள். பிறகு, தட்.

திரை ஒரு சிமிட்டு சிமிட்டி அதே பக்கத்துக்கு வந்தது. பெட்டிக்கு ஒன்றும் ஆகவில்லைதான்.

கண்ணைத் திறந்த எபோ அவள் முகத்தைப் பார்த்தான். அதற்குமேல் அவனுக்குத் திரையைப் பார்க்க வேண்டியிருக்கவில்லை.

"பாபா!" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக் கூப்பிட்டாள் அராபா. இத்தனை நாள் வராத வாய் எப்படித்தான் வந்ததோ, தெரு முனை வரை கேட்டிருக்கும். "தெமாக்காரங்க வர வேண்டாம்னு அத்தைகிட்ட சொல்லிடுங்க! நான் முடிவு பண்ணிட்டேன்!"

வலை ஊசியும் கையுமாக எக்யா கதவில் வந்து நின்றார்.

"எதை? விண்டோஸா, அந்த இன்னொண்ணா?"

"மூணாவது," என்றாள். சொல்லிவிட்டு முகத்தைக் கையால் மூடிக்கொண்டாள்.

எக்யா நாற்காலியை இழுத்துப் போட்டார். கண்ணாடியை எடுத்துத் துடைத்தார். மாட்டினார். விரல் வைத்து முதல் வரி, இரண்டாவது வரி, மூன்றாவது வரி என்று ஒவ்வொன்றாகப் படித்தார். பெட்டி அவசரப்படாமல் காத்திருந்தது. அது அவருக்குப் பிடித்திருந்தது என்பது முகத்தில் தெரிந்தது. எபோவுக்குத்தான் உயிர் போய் உயிர் வந்தது.

"தம்பி," என்றார் கடைசியாக. "பெட்டிச் சேதிக்கு நீ தனியா வந்தே, சரி. இந்தச் சேதிக்கு யாரும் தனியா வரக்கூடாது. உங்க வீட்டுப் பெரியவங்களைக் கூட்டிட்டு வந்து முறையாக் கதவைத் தட்டு. செவ்வாய்க்கிழமையாப் பாத்து வா. மத்த நாள்ல நான் கடல்ல இருப்பேன்."

"எந்தச் செவ்வாய் எக்யா?"

"என்னைக் கேக்கறியே! இப்பத்தானே மரியாதை கத்துக்குடுத்தேன்? அவளைக் கேளு."

எபோ அவள் பக்கம் திரும்பினான். அராபா விரல் இடுக்கு வழியாக அவனைப் பார்த்தாள். கண்ணில் ஈரமும் குறும்பும் சேர்ந்து மின்னின.

"யோசிக்கணும் மாஸ்டர். பத்து நொடி குடுங்க."

"எடுத்துக்கங்க," என்றான் அவன். சிரிப்பை அடக்க முடியாமல் எண்ண ஆரம்பித்தான். "பத்து... ஒம்போது... எட்டு..."

"அடுத்த செவ்வாய்!"